படித்தது நினைவில் நிற்கவில்லையா? கோளாறு எங்கே என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

"எவ்வளவு படிச்சாலும் மண்டையில நிக்க மாட்டேங்குது." எல்லோரும் சொல்லும் புகார் இதுதான். சொல் ஒன்றாக இருந்தாலும் கோளாறு ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்குப் படித்தது உள்ளேயே போவதில்லை. இன்னொருவருக்கு உள்ளே போகிறது, மூன்று நாளில் கரைந்துவிடுகிறது. வேறொருவருக்கு எல்லாம் உள்ளே இருந்தும் கேட்ட நேரத்தில் வெளியே வருவதில்லை. எல்லோருக்கும் "இன்னும் நாலு தடவை படி" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருக்குக் குணமாவதில்லை.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்ற தேர்வுகளுக்காக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களைப் படிப்பவர்களை மனத்தில் வைத்து எடுத்திருக்கிறோம். வரலாற்று நூலோ மருத்துவப் பாடமோ, விரும்பி வாங்கிய கட்டுரைத் தொகுப்போ, எதைப் படித்தாலும் முறை இதுதான்.

முதலில் ஒரு சோதனை

இதுவரை படிக்காத ஒரு பகுதியில் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படிப் படிப்பீர்களோ அப்படியே ஒருமுறை படியுங்கள். புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் ஐந்து நிமிடம் எழுதுங்கள். வாக்கியமாக இருக்க வேண்டாம், துண்டு துண்டாக இருந்தாலும் போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் அதே நேரத்தில், எதையும் பார்க்காமல், புதுத்தாளில் மறுபடி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளே வெறுமையாக இருந்தால் கோளாறு படிக்கும் நேரத்தில் இருக்கிறது. முதல் தாள் நிறைந்து, மூன்றாம் தாள் காலியாக இருந்தால் திருப்புதலில் இருக்கிறது. கருத்தெல்லாம் வந்து பெயரும் ஆண்டும் மட்டும் விடுபட்டிருந்தால் அது தனி வகை. பெயர்கள் வந்தும் இடம் மாறி வந்திருந்தால் அது இன்னொரு வகை. உங்கள் தாளுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

"பக்கத்தைத் திருப்பினதும் முன்பக்கம் மறந்துபோச்சு"

இது மறதி என்று சொல்லத் தகாது, ஏனென்றால் மறப்பதற்கு முன்னால் மனத்தில் பதிய வேண்டும். கண் வரிகளில் ஓடிக்கொண்டிருக்கும், மனம் நாளைக்குக் கட்ட வேண்டிய தவணையில் இருக்கும். கண் மட்டும் தனியாகப் பல பத்திகள் ஓடிப்போகும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நின்றுவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும், ஓடிக்கொண்டே இருப்பதால் தெரிவதில்லை.

செய்ய வேண்டியவை: செல்போனை மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். "காஸ் புக் பண்ணணும்", "அண்ணனுக்குப் பேசணும்" என்று குறுக்கே வருவதை இரண்டு சொல்லில் அதில் எழுதிவிட்டு வரிக்குத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மனம் அதை ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருக்காது. இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதும் முடியவில்லையென்றால் பத்தில் தொடங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது பத்தி முடிவில் நிற்பது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலையைத் தூக்கி, "இதில் என்ன சொன்னார்கள்?" என்று ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படியுங்கள். முதல் இரண்டு நாள் வேகம் பாதியாகக் குறையும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், மனம் ஓடிப்போன பத்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் நேரம் மிச்சமாகும்.

தூங்கி வழிந்துகொண்டு படிப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அரை மணி தூங்கி எழுந்து படியுங்கள்.

"படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு, மூடினா ஒண்ணும் வரல"

அதிகம் பேருக்கு இருக்கும் கோளாறு இதுதான், அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதுதான். ஒரு பக்கத்தை மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலைத் "தெரிந்துவிட்டது" என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் நமக்கு வந்திருப்பது அடையாளம் காணும் திறன் மட்டும்தான். தெருவில் பார்த்தால் "இவரைத் தெரியுமே" என்போம், வீட்டுக்கு வந்து அவர் முகத்தை வரையச் சொன்னால் முடியாது. அடையாளம் காண்பது வேறு, இல்லாததை வரவழைப்பது வேறு. இரண்டாவதைப் பழகினால்தான் அது வரும்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். மாணவர்கள் ஒரு சிறு உரைநடைப் பகுதியைப் படித்தார்கள். ஒரு குழு அதையே மறுபடி படித்தது. மற்றக் குழு பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்பப் படிப்பது நம்மை ஏன் ஏமாற்றுகிறது என்பது இந்த நான்கு எண்களில் இருக்கிறது. அது உடனே பலன் தருகிறது, அதனால் அதையே நம்புகிறோம்.

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. நூல் கற்கும் முறையைச் சொல்லும் நன்னூல் சூத்திரம் "கேட்டவை நினைத்தல்" என்றும், "வினாதல், வினாயவை விடுத்தல்" என்றும் மாணவனின் கடமைகளை அடுக்குகிறது. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். மூன்றுமே ஏட்டைப் பார்க்காமல் செய்யும் வேலைகள்.

எப்படிச் செய்வது என்று ஒரு பகுதியை எடுத்தே பார்ப்போம். பாடநூலில் வரும் வேலூர்ப் புரட்சி. சாரம் இது: மதராஸ் ராணுவத்தில் சிப்பாய்கள் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வெட்ட வேண்டும், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று விதி வந்தது. தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபு. திப்பு சுல்தானின் குடும்பம் அப்போது வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றே அடக்கினார். பிறகு திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரடாக்கும் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இதை ஒருமுறை கவனமாகப் படித்ததும் மூடுங்கள். வெள்ளைத்தாளில் மூன்று பகுதி பிரியுங்கள்: ஏன் நடந்தது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது. ஒவ்வொன்றின் கீழும் வருவதை எழுதுங்கள். வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். அரை நிமிடமாவது துழாவுங்கள். "தலைப்பாகை... அதில் ஏதோ இருந்ததே..." என்று துழாவும் அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் எழுதுங்கள். அடுத்த முறை சிவப்பில் இருப்பதை மட்டும் குறிவையுங்கள்.

இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. ஒன்று, அரைக்கண்ணால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவது. அது நினைவுகூர்தல் ஆகாது, நகலெடுப்பு. இரண்டு, மனத்துக்குள் "ம்ம், தெரியும்" என்று தாண்டிவிடுவது. வாயால் சொல்லுங்கள் அல்லது கையால் எழுதுங்கள், பதில் வெளியே வரட்டும். மூன்று, சரிபார்க்காமல் விடுவது. ஆற்காட்டுக்குப் பதில் ஆரணி என்று எழுதிவிட்டுத் திருத்தாமல் போனால் ஆரணிதான் மனத்தில் ஊன்றும்.

"இன்னிக்குத் தெரியுது, அடுத்த வாரம் காணோம்"

1885-இல் ஜெர்மனியின் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை உருப்போட்டு, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்தார். "ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்" என்று எங்கும் பரவியிருக்கும் கணக்கு அங்கிருந்து வந்தது. அவர் அளந்தது மறுபடி கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. அதுவும் பொருளற்ற அசைகளுக்கு. பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாகக் கரைவதில்லை, ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஆனால் நாளாக நாளாக நினைவு சரியும் வளைவின் வடிவம் உண்மை: தொடக்கத்தில் சட்டென்று சரிகிறது, பிறகு மெல்லச் சரிகிறது. அதனால் முதல் திருப்புதல் சீக்கிரமும், அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளியும் வர வேண்டும்.

எத்தனை நாள் இடைவெளி விடலாம் என்பது எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்தது. தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி. ஓராண்டுக்கு நிற்க வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் வரை இடைவெளி விடலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து முறை திருப்புவதைவிட ஐந்து வாரத்தில் ஐந்து முறை திருப்புவது கூடுதல் நாள் நிற்கும். செலவாகும் நேரம் ஒன்றுதான்.

இதற்கு மிக எளிய கருவி அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய முறை. ஏ4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் எட்டு அட்டை. கொஞ்சம் தடிமன் வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டலாம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். ஒரு ஷூ டப்பாவை ஐந்து அறையாகத் தடுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும்.

அட்டை எழுதுவதில்தான் பலர் தோற்கிறார்கள். "வேலூர்ப் புரட்சி பற்றி எழுதுக" என்று ஒரு அட்டை இருந்தால் பாதி தெரிந்தபோது அதை எந்த அறையில் போடுவீர்கள்? ஒரு அட்டைக்கு ஒரே செய்தி. "வேலூரை அடக்க வந்த குதிரைப் படை எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று ஒன்று. "புரட்சிக்குப் பின் திப்புவின் மகன்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்?" என்று ஒன்று. அதோடு ஒரு "ஏன்" அட்டையும் கட்டாயம் இருக்கட்டும்: "தலைப்பாகையில் எந்தப் பொருள் இருந்ததால் எதிர்ப்பு வந்தது?" ஏன் என்ற அட்டைகள்தான் மற்ற அட்டைகளைத் தாங்கிப் பிடிக்கின்றன.

அளவு மிக முக்கியம். நாளுக்குப் பத்துப் புது அட்டை போதும். ஒவ்வோர் அட்டையும் ஐந்து அறை கடப்பதால், சில வாரங்களில் நாளுக்கு ஐம்பது அட்டையும், தவறித் திரும்பியவை ஒரு பத்தும் கையில் நிற்கும். அட்டைக்குப் பத்து நொடி என்றால் பத்து நிமிடம். முதல் நாளே உற்சாகத்தில் நாற்பது எழுதுபவர்கள் மூன்றாம் வாரத்தில் நாளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அட்டையைப் பார்த்துத் திணறி, டப்பாவையே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் புது அட்டையை நிறுத்திவிட்டு, நிலுவை தீரும் வரை பழையதை மட்டும் பாருங்கள். செல்போனில் செய்ய விரும்புபவர்களுக்கு ஆன்கி போன்ற செயலிகள் இடைவெளியைத் தாமே கணக்கிட்டுத் தரும். அதிலும் அட்டைகளை நீங்களே எழுதுங்கள். இன்னொருவர் செய்த ஆயிரம் அட்டையைப் பதிவிறக்கிப் படிப்பது, படிக்காத புத்தகத்துக்குத் தேர்வு எழுதுவது போல ஆகிவிடும்.

"கதை தெரியுது, பேரும் வருஷமும் மட்டும் வரமாட்டேங்குது"

பெயருக்கும் எண்ணுக்கும் தம்மளவில் பொருள் இல்லை, பிடித்துக்கொள்ளக் கொக்கி இல்லை. கொக்கியை நாம்தான் மாட்ட வேண்டும்.

ஆண்டுகளைத் தனித்தனியாக உருப்போடாதீர்கள். சில ஆண்டுகளைக் கம்பம் போல நட்டு, மற்றவற்றை அதில் கட்டுங்கள். 1799 ஒரு நல்ல கம்பம்: மே மாதம் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்தார், அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டு ஆண்டு தள்ளி 1801-இல் மருது சகோதரர்கள். திப்பு இறந்த ஏழாம் ஆண்டு, அவருடைய பிள்ளைகள் இருந்த கோட்டையில் வேலூர்ப் புரட்சி. அதிலிருந்து 51 ஆண்டு கழித்து 1857. இனி இவற்றில் ஒன்று நினைவிருந்தால் மற்றவற்றை எண்ணிப் பிடிக்கலாம். நூற்றாண்டு எப்படியும் தெரிந்திருக்கும், அட்டையில் குறிவைக்க வேண்டியது கடைசி இரண்டு இலக்கம் மட்டுமே.

எண்ணை எழுத்தாக்கிச் சேமிக்கும் வழியும் உண்டு. கர்நாடக இசையில் மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களின் வரிசை எண் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் தரும் கடபயாதி முறையில் மேசகல்யாணியின் "மே" 5, "ச" 6. திருப்பிப் போட்டால் 65. அது 65-ஆவது மேளம். தீரசங்கராபரணம் அதே வழியில் 29. ராகம் பாடுகிறவர்கள் எண்ணைத் தனியாக நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை.

பட்டியல்களுக்கு முதலெழுத்துச் சுருக்கம் உதவும். ஆனால் உள்ளே இருப்பது தெரிந்த பிறகுதான். ஐஞ்சிறுகாப்பியங்களுக்கு "சூ, நீ, உ, ய, நா" என்று வைத்துக்கொண்டு, "ய" எது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. பட்டியலை முதலில் உற்றுப் பாருங்கள்: சூளாமணி, நீலகேசி, பிறகு மூன்றும் "காவியம்" என்றே முடிகின்றன, மூன்றுமே நாயகன் பெயரால் ஆனவை: உதயணகுமாரன், யசோதரன், நாககுமாரன். இதைக் கவனித்த பிறகு சுருக்கம் கொஞ்சம் தள்ளினாலே போதும்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா மாத்தி மாத்தி வருது"

ஒரே அச்சில் வார்த்த செய்திகள் ஒன்றையொன்று அழிக்கும். மைசூர்ப் போர்கள் நான்கு, உடன்படிக்கைகள் மூன்று. மதராஸா மங்களூரா என்று தேர்வறையில் தடுமாறாதவர் குறைவு. இங்கே இன்னும் அதிகமாகப் படிப்பது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் கோளாறு பதியாததில் இல்லை, பிரித்தறிய முடியாததில் இருக்கிறது. "ஒற்றுமை என்ன?" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எதில் வேறுபடுகிறது?" என்று கேளுங்கள்.

கட்டம் போட்டு எழுதுங்கள். வரிசைக்கு ஒரு போர். நெடுவரிசைகள்: ஆண்டு, மைசூர்ப் பக்கம் யார், உடன்படிக்கை எங்கே, யார் கை ஓங்கியிருந்தது. முதல் போர் 1767–69, ஹைதர் அலி, மதராஸ். இரண்டாம் போர் 1780–84, நடுவில் 1782-இல் ஹைதர் இறக்கிறார், திப்பு தொடர்கிறார், மங்களூர். மூன்றாம் போர் 1790–92, ஸ்ரீரங்கப்பட்டினம். நான்காம் போர் 1799, திப்பு இறந்துவிட்டார், அவரோடு செய்துகொள்ள உடன்படிக்கை இல்லை.

கட்டத்தை நிரப்பியதும் ஒரு கேள்வி: அந்த ஊரில் ஏன் கையெழுத்தாயிற்று? முதல் போரின் முடிவில் ஹைதரின் படை மதராஸின் வாசல் வரை வந்துவிட்டது, அதனால் மதராஸ். இரண்டாம் போரில் திப்பு மங்களூரை முற்றுகையிட்டு மீட்டிருந்தார், அதனால் மங்களூர். மூன்றாம் போரில் ஆங்கிலேயர் திப்புவின் தலைநகரையே முற்றுகையிட்டார்கள், அதனால் ஸ்ரீரங்கப்பட்டினம். வென்றவர் வந்து நின்ற இடம்தான் உடன்படிக்கையின் பெயர். இப்போது மூன்று ஊர்ப்பெயர்கள் மூன்று தனிச் செய்திகளாக இல்லை, போரின் போக்கே அவற்றைச் சொல்லிவிடுகிறது.

படிக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். சோதிக்கும்போது கலைத்துப் போட்டுச் சோதியுங்கள்: மூன்றாம் போர், முதல் போர், நடுவில் கர்நாடகப் போர் ஒன்று. வரிசையாகக் கேட்டால் வரிசைதான் பதில் சொல்லும், நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

"பக்கம் பூரா மஞ்சளா இருக்கு, தலையில ஒண்ணும் இல்ல"

ஹைலைட்டர் பிடித்த கை "இது முக்கியம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறது. 2013-இல் படிப்பு உத்திகள் பத்தை ஆராய்ச்சி முடிவுகளோடு ஒப்பிட்டு வெளிவந்த விரிவான மதிப்பீட்டில் கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையிலும், தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுத் திருப்புவதும் மிகுந்த பயன் தருபவை என்ற வரிசையிலும் வந்தன.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். மூடி எழுதிப் பார்த்த பிறகு, விட்டுப்போன இடத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றிரண்டு கோடு. கோட்டை விட நல்லது, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி. பதில் அந்த வரியில் இருக்க வேண்டும். அடுத்த முறை வரியை அட்டையால் மறைத்துவிட்டு ஓரத்துக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நூலகப் புத்தகமென்றால் கேள்விகளை நோட்டில், பக்க எண்ணோடு.

"புத்தகம் முழுசாப் படிச்சேன், என்ன சொல்றாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல"

துண்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தாங்கும் சட்டம் இல்லை. பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இருவர் 1972-இல் செய்த சோதனை ஒன்று இங்கே பொருந்தும். எந்தச் சொல்லும் கடினமில்லாத, ஆனால் எதைப் பற்றியது என்றே பிடிபடாத ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். அது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே கேட்டவர்கள் நிறைய நினைவு வைத்திருந்தார்கள். படித்து முடித்த பிறகு அதைக் கேட்டவர்களுக்குப் பயனில்லை. சட்டம் முன்னால் வர வேண்டும்.

எனவே புத்தகத்தைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் பொருளடக்கம், முன்னுரை, கடைசி இயல் இவற்றைப் புரட்டுங்கள். இந்த நூல் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். தவறாக ஊகித்தாலும் பரவாயில்லை, திருத்திக்கொண்டே போகலாம். ஒவ்வோர் இயல் முடிவிலும் மூன்று வாக்கியம்: ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், முந்தைய இயலோடு எப்படிச் சேர்கிறது. ஆசிரியரின் வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். அங்கே திக்கும் இடத்தில்தான் உங்களுக்குப் புரியாதது இருக்கிறது.

நாவல்களுக்கு இவ்வளவு வேண்டாம். அத்தியாய முடிவில் ஒரு வரி, புதுப் பாத்திரம் வந்தால் உறவோடு பின்அட்டையின் உள்பக்கத்தில் குறிப்பு. போதும்.

"தமிழ்ல படிச்சா நிக்குது, இங்கிலீஷ் புக் மட்டும் நிக்கல"

தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலுக்கு மாறுபவர்களுக்கு இது நினைவாற்றல் பிரச்சினை போலவே தோன்றும். சொற்களை அவிழ்ப்பதிலேயே கவனம் செலவாகிவிடுவதால் கருத்தைப் பிடிக்க மிச்சமில்லை. தாமாகப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பகுதியின் சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் தரும் அளவு. முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் ஆறுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் திணறல் இயல்பு.

அந்தப் பாடத்தைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கமாவது முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். இயலில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து துறைச்சொற்களை முந்திய நாளே அட்டையாக்குங்கள். படித்து மூடியதும் விளக்கத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள், துறைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில். கருத்து ஊன்றிய பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். எல்லாவற்றையும் முதல் நாளே ஆங்கிலத்தில் உருப்போட்டால் ஒரு சொல் விடுபட்டதும் முழு விடையும் சரிந்துவிடும்.

திரையில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீண்ட விளக்கப் பாடங்களைத் தாளில் படிப்பவர்கள் சற்றே கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒப்பீடுகள் காட்டுகின்றன, குறிப்பாக நேர நெருக்கடி இருக்கும்போது. பி.டி.எஃப்.தான் கையில் இருக்கிறதென்றால் தொடர்ந்து உருட்டாமல் ஒரு திரைக்கு ஒரு பக்கமாக வையுங்கள். எழுதிப் பார்ப்பதைத் தாளில் செய்யுங்கள்.

"நாக்கு நுனியில இருக்கு, வரல"

செய்தி உள்ளே இருக்கிறது, வழி மூடியிருக்கிறது. தேர்வறையில் அதன்மேல் அரை நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். 200 வினாவுக்கு மூன்று மணி நேரம் என்றால் வினாவுக்கு 54 நொடிதான் வருகிறது. அந்தச் செய்தியைச் சுற்றியிருந்ததைத் தொடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, எந்தப் பாடம், பெயரின் முதலெழுத்து எது. வரவில்லையென்றால் வினாத்தாளில் குறி போட்டுவிட்டு நகருங்கள். வேறொரு வினா அந்த வழியைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

முன்கூட்டியே சரிசெய்ய வேண்டுமென்றால், ஒரே நாற்காலியில் ஒரே வரிசையில் மட்டும் சோதித்துக்கொள்ளாதீர்கள். பேருந்தில், சமையல் நடக்கும்போது, மாடியில் நடந்துகொண்டே என்று இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வாரம் ஒருமுறை மணி பார்த்து மாதிரித் தேர்வு எழுதுங்கள். கொள்குறி வினாக்களுக்கு விடைகளை மறைத்துக்கொண்டு முதலில் சொந்தமாகப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு நான்கையும் பாருங்கள்.

"எதைச் செஞ்சும் மாற்றம் இல்ல"

மூன்று வாரம் முறையாகச் செய்தும் முதல் தாளே வெறுமையாக இருந்தால் படிப்பை விட்டு உடம்பைப் பாருங்கள். வாரக்கணக்கில் ஐந்து மணி நேரமே தூங்குபவர்களுக்கு எந்த முறையும் ஏறாது, அன்று படித்தது நிலைப்படுவதே தூக்கத்தில்தான். நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடி அளவைச் சரிபாருங்கள். எழுத்தைப் பிடிக்கக் கண் போராடும்போது கவனம் சீக்கிரம் தீர்ந்துபோகும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, நீண்ட நாள் மனச்சோர்வு எல்லாமே நினைவை மந்தமாக்கும், எல்லாவற்றுக்கும் மருத்துவம் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும் அப்படியே. படித்தது மட்டுமின்றி, பழகிய வழி, அடுப்பை அணைத்தோமா, நெருங்கியவர் பெயர் என்று அன்றாடத்திலும் மறதி கூடிவந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், எழுதிப் பார்த்த அந்த மூன்று தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.